மறதியை அளந்த மனிதர்

ஆசிரியராக இருந்த நாள்களில், முந்தைய நாள் நடத்திய பாடத்தை மறந்துவிட்டு நிற்கும் மாணவரை நான் கடிந்துகொள்ளாத வாரம் இருந்ததில்லை. கவனக்குறைவு, அக்கறையின்மை என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தேன். ஹெர்மன் எபிங்ஹாஸின் வாழ்க்கையைப் பின்னாளில் படித்தபோதுதான், அந்தக் கணிப்பு எத்தனை அவசரமானது என்பது எனக்கு உறைத்தது.

ஜெர்மனியின் பார்மென் நகரில் வணிகர் குடும்பமொன்றில் 1850-இல் பிறந்தவர் எபிங்ஹாஸ். பிரான்சுடனான 1870-ஆம் ஆண்டுப் போரில் படையில் சேர்ந்ததால் தடைப்பட்ட படிப்பைத் தொடர்ந்து, 1873-இல் பான் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் சில ஆண்டுகள் இங்கிலாந்திலும் பிரான்சிலும் கழிந்தன. அக்காலத்தில் பழைய புத்தகக் கடையொன்றில் குஸ்டாவ் ஃபெக்னரின் உளஇயற்பியல் நூல் அவர் கையில் கிடைத்தது என்பர். ஒளி, எடை போன்றவற்றை மனிதர் உணரும் அளவைக் கணிதத்தால் குறிக்கலாம் என்றது அந்நூல். உணர்வை அளக்கலாம் என்றால் நினைவை ஏன் அளக்கக் கூடாது என்ற கேள்வி அவருக்குள் விழுந்தது.

அது துணிச்சலான கேள்வி. 1879-இல் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வகம் கண்ட வில்ஹெல்ம் வுண்ட்டே, நினைவு, சிந்தனை போன்ற உயர்நிலைச் செயல்கள் சோதனைக்கு அடங்கா என்று கருதியவர். எபிங்ஹாஸிடம் ஆய்வகம் இல்லை, உதவியாளர் இல்லை. எனவே சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் தாமே ஆனார்.

பழகிய சொற்களில் முன்னறிவு கலந்துவிடும் என்பதால், பொருளற்ற அசைகள் சுமார் 2,300 உருவாக்கினார். கடிகாரத்தின் ஓசைக்கு இசைய ஒரே வேகத்தில் அவற்றைப் படித்து, மனப்பாடமாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்தார். இடைவெளி விட்டு மீண்டும் கற்கையில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறதோ, அதுவே எஞ்சிய நினைவின் அளவு. 1879-80-இலும் மீண்டும் 1883-84-இலும் சலிப்பூட்டும் இந்த உழைப்பைத் தொடர்ந்தார்.

1885-இல் வெளியான அவரது சிறுநூல் சொன்ன கணக்கு இது: ஒரு மணி நேரத்தில் மிச்சம் 44 விழுக்காடாகக் குறைகிறது; ஒரு நாளில் 34; ஒரு மாதத்தில் 21. மறதி முதலில் பாய்கிறது, பின்னர் தவழ்கிறது. 12 அசைகள் கொண்ட வரிசைகளை ஒரே நாளில் 68 முறை படித்துப் பெற்ற பயன், மூன்று நாள்களுக்குப் பிரித்துப் படித்தபோது 38 முறையிலேயே கிடைத்தது. ஒருமுறை படித்த அளவில் ஏறத்தாழ ஏழு அசைகளே நிற்கின்றன என்றும் கண்டார். 1956-இல் ஜார்ஜ் மில்லர் அந்த ஏழு என்னும் எண்ணை முன்வைத்து எழுதிய கட்டுரை, அறிதல்சார் உளவியலின் தொடக்க ஆவணங்களுள் ஒன்றாயிற்று.

பெர்லினில் 1894-இல் உளவியல் பேராசிரியர் பதவி கார்ல் ஸ்டம்ஃபுக்குச் சென்றது. எபிங்ஹாஸ் பிரெஸ்லாவுக்குப் பெயர்ந்தார். அங்கே பள்ளிக் குழந்தைகளின் மனச்சோர்வை அறிய, விடுபட்ட சொற்களை நிரப்பும் தேர்வை வகுத்தார். இன்றும் வினாத்தாள்களில் தொடரும் கோடிட்ட இடங்கள் அந்தத் தேர்வின் உறவினர்கள். 1909-இல் ஹாலே நகரில் நுரையீரல் அழற்சியால் 59-ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய முறைக்குக் குறை உண்டு. ஒரே மனிதரின் நினைவு. பொருளை நீக்கிய பாடம். மனிதர் பொருளைப் பற்றிக்கொண்டே நினைவுகூர்கின்றனர் என்று 1932-இல் ஃபிரெடெரிக் பார்ட்லெட் சுட்டியது நியாயமே. ஆயினும் 2015-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது ஏறத்தாழ அதே வளைகோடு கிடைத்தது.

தேர்வுக்கு முந்தைய இரவில் எல்லாவற்றையும் திணிக்கச் சொல்லும் பழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை. எபிங்ஹாஸ் கண்டது இதற்கு நேர் எதிரானது. மறதி இயல்பென்றால், கற்பித்ததை மறுநாளும் மறுவாரமும் மீண்டும் தொடுவது ஆசிரியரின் கடமை. அந்தக் கடமையைச் செய்யாமல், அதன் விளைவுக்காக எத்தனை பிள்ளைகளைக் கடிந்தேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை.