ஹியூகோ குரோஷியஸ்: சட்டமும் நாட்டுறவும்

சட்டத்தையும் பன்னாட்டு உறவையும் இணைத்துக் கற்பிக்கும் பட்டப்படிப்புகள் இன்று பல பல்கலைக்கழகங்களில் உள்ளன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கண்ட முன்னோடிகளுள் தலையாயவர் ஹாலந்து நாட்டு ஹியூகோ குரோஷியஸ். பன்னாட்டுச் சட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் அவர், இலத்தீனில் கவிதையும் நாடகமும் யாத்த புலவரும் ஆவார்.

1583 ஏப்ரல் 10ஆம் நாள் டெல்ஃப்ட் நகரில் பிறந்த குரோஷியஸ், பதினொன்றாம் வயதில் லைடன் பல்கலைக்கழகம் புகுந்து தொன்மை இலக்கியங்களில் தேர்ச்சி பெற்றார். 1598இல் பிரான்சுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் பயணமானார். அரசவையில் தூதியலைக் கண்ணுற்ற அப்பயணத்திலேயே ஓர்லியான் பல்கலைக்கழகத்தில் சட்ட முனைவர் பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. 1601இல் ஆதாம் ஏதேனை இழந்த கதையை நாடகமாக்கினார். அதே பொருளைப் பின்னாளில் காப்பியமாக்கிய மில்டன், 1638இல் பாரிசில் அவரை நேரில் சந்தித்தார்.

1603இல் சிங்கப்பூரை அடுத்த கடலில் போர்ச்சுகீசியக் கப்பலொன்றை டச்சுக்காரர் கைப்பற்றினர். அச்செயலுக்கு நியாயம் கூறுமாறு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை நாடியது. அதற்கென எழுதியதன் ஒரு பகுதியே 1609இல் வெளிவந்த 'சுதந்திரக் கடல்'. கடல் எவர்க்கும் உடைமையாகாது. சாவகமும் இலங்கையும் தமக்கென அரசரும் சட்டமும் உடையன. ஆகவே கண்டுபிடித்தோம் என்பதால் அவற்றின்மீது உரிமை பிறவாது என்று அந்நூல் வாதிட்டது. ஆயினும் 1613இல் இலண்டன் சென்ற அவர், நறுமணத் தீவுகளில் டச்சுக்காரரின் தனியுரிமையைக் காக்க வாதாட நேர்ந்தது. ஆங்கிலேயரோ அவருடைய நூலையே அவருக்கு எதிராக எடுத்துக்காட்டினர். கொள்கையை ஒரு தரப்பின் பணியாளாக்கினால் நேரும் இடர் இது.

சமய, அரசியல் பூசலில் 1618இல் சிறைப்பட்ட குரோஷியசுக்கு மறு ஆண்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லூவஸ்டைன் கோட்டையில் அடைபட்டும் அவர் எழுத்தை விடவில்லை. நூல்கள் வந்துபோகும் பெட்டியில் அவரை ஒளித்து அனுப்பத் துணிந்தவர் மனைவி மரியா. 1621 மார்ச் 22இல் பெட்டி வெளியேறியது, காவலர் அறிந்திலர்.

பாரிசில் அடைக்கலம் புகுந்த அவர் 1625இல் 'போர், அமைதி பற்றிய சட்டம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். முப்பதாண்டுப் போர் ஐரோப்பாவைச் சுட்டெரித்த காலம் அது. போருக்கு நேரிய காரணம் வேண்டும். பகைவனுக்களித்த வாக்கும் காக்கப்பட வேண்டும். பெண்டிர், குழந்தைகள், சிறைப்பட்டோர்பால் மட்டுமீறாமை வேண்டும் என்பன அதன் சாரம். அரசர்க்கு அறம் உரைத்ததோடு அமையாது, அறத்தைச் சட்டமாக வகுத்தமையே அதன் பெருமை.

பின்னர்ச் சுவீடன் நாட்டுத் தூதராகப் பாரிசில் பத்தாண்டுகள் பணியாற்றினார். 1645இல் கப்பல் விபத்திற்குத் தப்பிக் கரையேறி, ஆகஸ்ட் 28இல் ரோஸ்டாக் நகரில் உயிர் நீத்தார். மூன்றாண்டுகள் கழித்து வந்த வெஸ்ட்பேலிய அமைதியை அவர் காணவில்லை. வாழுங்கால் ஏற்க மறுத்த தாயகம், டெல்ஃப்டில் அவர் உடலுக்கு இடமளித்தது. 1899இல் ஹேக் அமைதி மாநாட்டிற்கு வந்த அமெரிக்கப் பேராளர்கள் அக்கல்லறையில் வெள்ளி மலர்வளையம் வைத்தனர். போர் ஓயவில்லை. எனினும் அதைச் சட்டத்தின்முன் நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமையை உலகுக்கு ஈட்டித் தந்தவர்களுள் குரோஷியஸ் முதல்வர்.