சட்டாம்பிள்ளை முறையை உலகறியச் செய்த டாக்டர் ஆண்ட்ரூ பெல்



நமது தேயிலை மலையில் புதிதாகக் கொழுந்து வெட்ட வருகின்ற ஒருவருக்கு வேலையைக் கற்றுக் கொடுப்பவர் யார்? பெரிய துரை வந்து கற்றுக் கொடுப்பதில்லை. மண்டோருக்கும் அதற்கு நேரமில்லை. அடுத்த நிரையில் நிற்கும் அக்காளோ அண்ணனோதான் கத்தரியை எப்படிப் பிடிப்பது, கொழுந்து எது, முற்றிய இலை எது என்று காட்டிக் கொடுக்கிறார். நேற்றுக் கற்றவர் இன்று வந்தவருக்கு வழிகாட்டுகிறார். கல்வியிலும் இம்முறையைக் கையாளலாம் என்று மேல்நாட்டவருக்கு எடுத்துரைத்தவர் டாக்டர் ஆண்ட்ரூ பெல். அவர் அந்த உண்மையைக் கண்டுகொண்ட இடம் தமிழர் வாழும் சென்னைப் பட்டணம் என்பது நாம் பெருமையுடன் அறிய வேண்டிய செய்தியாகும்.

ஆண்ட்ரூ பெல் 1753-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் முடிதிருத்தும் தொழில் செய்தவர். அக்காலத்துப் பள்ளிக்கூடங்களில் பிரம்படி மிகுதி. பெல்லும் அஞ்சி நடுங்கியே பள்ளிக்குச் சென்றார். அந்த அச்சத்தை அவர் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. எனினும் ஊக்கத்துடன் பயின்று, பிறந்த ஊரிலேயே இருந்த பல்கலைக்கழகத்தில் கணிதத்திலும் இயற்கை அறிவியலிலும் தேர்ச்சி பெற்றார். 1774-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவுக்குச் சென்று, அங்கே ஒரு செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். 1781-இல் தாயகம் திரும்பிப் பின்னர்க் கிறித்துவ சமயக் குருவானார்.

1787-ஆம் ஆண்டில் அவர் கப்பலேறிச் சென்னை வந்து சேர்ந்தார். படைப் பிரிவுகளின் சமயக் குருவாகப் பணியேற்றார். அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரர் பலர் நோயாலும் போராலும் மாண்டனர். அவர்களின் பிள்ளைகள் ஆதரவற்றுத் திரிந்தனர். அத்தகைய ஆண் பிள்ளைகளுக்காக 1789-ஆம் ஆண்டில் எழும்பூரில் ஓர் அநாதை இல்லம் திறக்கப்பட்டது. அதன் மேற்பார்வைப் பொறுப்பைப் பெல் ஏற்றார். அதற்கெனத் தரப்பட்ட சம்பளத்தை வாங்க மறுத்துவிட்டார்.

இல்லத்துப் பிள்ளைகள் பாடத்தில் மிகவும் பின்தங்கியிருந்தனர். மாதங்கள் பல கடந்தும் எழுத்துகளையே அறியாதவர்கள் அவர்களில் பலர். உதவியாசிரியர்களோ, பழகிப்போன முறையை விட்டு நகர விரும்பவில்லை. இக்கவலையோடு இருந்த பெல், ஒரு நாள் காலையில் குதிரையேறிச் சென்றபோது ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தைக் கண்டார். தமிழரை அக்காலத்து ஆங்கிலேயர் மலபார் மக்கள் என்றே அழைத்தனர். அங்கே சின்னஞ்சிறு பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக் கொண்டிருந்தனர். வாய் எழுத்தின் ஒலியைச் சொல்ல, கண் அதன் வடிவத்தைப் பார்க்க, விரல் அதனை எழுதிப் பழகியது. பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் ஒரு முறை தடவினால் போதும். மணல் மீண்டும் புதிய ஏடாகிவிடும். தாளும் வேண்டாம், மையும் வேண்டாம், பிழைக்கு அஞ்சவும் வேண்டாம்.

பெல் இல்லத்துக்குத் திரும்பி, அரிச்சுவடி வகுப்புக்கு மணற்பலகை வைத்துக் கற்பிக்குமாறு பணித்தார். உதவியாசிரியர் அது நடவாத காரியம் என்று கைவிரித்துவிட்டார். அப்போது பெல் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார். ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அவ்வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். சாதாரணப் படைவீரர் ஒருவரின் மகனாகிய அச்சிறுவன், பெரியவர்களால் இயலாததைச் செய்து காட்டினான். தான் அண்மையில்தான் கற்றவன் ஆதலால், எந்த இடத்தில் இடறுவோம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு வயதை எட்டியபோது ஃபிரிஸ்கன், தன்னினும் சிறிய துணைவர்களுடன் 90-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் படிப்பைக் கவனித்து வந்தான்.

இந்த வெற்றியைக் கண்ட பெல், பள்ளி முழுவதையும் அவ்வாறே அமைத்தார். பிள்ளைகள் வயதுப்படி பிரிக்கப்படவில்லை, தேர்ச்சிப்படி பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு வகுப்பிலும் பாடம் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளையின் அருகில் அமர்த்தப்பட்டான். பாடங்கள் சிறுசிறு பகுதிகளாக வகுக்கப்பட்டன. ஒரு பகுதியைப் பிழையறக் கற்ற பின்னரே அடுத்த பகுதி தொடங்கும். முன்னேறியவன் மேல் வகுப்புக்குச் செல்வான். தடுமாறியவன் தன்னால் இயன்ற வகுப்பில் மீண்டும் அடித்தளமிட்டு எழுவான். தண்டனைகள் அருகின. பள்ளிக்கு அஞ்சி நடுங்கிய அன்றைய சிறுவன், தன் பள்ளியில் அச்சத்தை விலக்க முயன்றதில் வியப்பில்லை.

மாணவச் செல்வங்களே! இம்முறை நம் முன்னோர்க்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவன் ஒருவன் ஆசிரியருக்குத் துணையாக இருந்து, இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். அவனைச் சட்டாம்பிள்ளை என்று அழைத்தனர். 1823-ஆம் ஆண்டில் பல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பெல் என்பவர், மேல்வகுப்புப் பிள்ளைகள் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இந்த நாட்டுமுறையைப் பாராட்டி, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தக்கதே என்று அரசுக்கு எழுதினார். ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் திண்ணைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமிருக்கவில்லை. சாதியின் பெயரால் விலக்கப்பட்ட பிள்ளைகள் பலர். பெண் பிள்ளைகள் மிகச் சிலரே பயின்றனர். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருள் பலர் அவ்வாறு விலக்கப்பட்ட குடும்பத்தினரே.

உடல்நலம் குன்றியதால் பெல் 1796-இல் சென்னையை விட்டுப் புறப்பட்டார். மறு ஆண்டே தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். 1798-இல் இலண்டனில் ஒரு பள்ளி அம்முறையைக் கையாண்டது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதைப் போன்ற ஒரு முறையை இலண்டன் ஏழைப் பிள்ளைகளிடையே நடத்தினார். இருவருள் யார் முதல்வர் என்று நெடுங்காலம் பூசல் நடந்தது. 1811-ஆம் ஆண்டில் தேசியக் கழகம் ஒன்று நிறுவப்பட்டு, பெல்லின் முறை இங்கிலாந்தெங்கும் பரவியது. அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது.

பெரியோர் வரலாற்றில் குறைகளும் உண்டு. ஏழைப் பிள்ளைகள் படிக்க அறிந்தால் போதும், அவர்கள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பித்தால் தம் நிலைக்கு மீறிய ஆசை கொள்வர் என்ற கருத்தைப் பெல் எழுதி வைத்தார். மணலில் எழுதிய ஏழைச் சிறுவரிடம் பாடம் பெற்றவர், ஏழைகளின் கையிலிருந்து எழுத்தைப் பிடுங்க நினைத்தது வருந்தத்தக்கது. மேலும், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதும் என்று செலவைக் குறைப்பதற்கே பலர் இம்முறையைப் பயன்படுத்தினர். அங்கெல்லாம் பொருளறியாத மனப்பாடமே மிஞ்சியது. ஆகவே 1846-இல் இங்கிலாந்து அரசு, பதின்மூன்று வயதானவர்களைத் தேர்ந்து ஐந்தாண்டுகள் முறையாகப் பயிற்றுவிக்கும் மாணவ ஆசிரியர் திட்டத்தைக் கொண்டு வந்தது. மாணவத் துணைவர் ஆசிரியருக்குக் கைகொடுக்கலாமேயன்றி, ஆசிரியரின் இடத்தை நிரப்ப இயலாது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

டாக்டர் பெல் 1832-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தாம் ஈட்டிய ஏறத்தாழ 120,000 பவுன் செல்வத்தைக் கல்விக்கே எழுதி வைத்தார். அவர் பிறந்த ஊரில் அப்பொருளால் எழுந்த பள்ளி, இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்னும் பெயரோடு விளங்குகிறது. பனிபடர்ந்த ஸ்காட்லாந்தில் நம் சென்னையின் பெயர்!

இவ்வரலாற்றை இம்மலரில் எழுதக் காரணம் உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தபோது, கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்த பள்ளிகள் பல. ஒரே அறையில் எல்லா வகுப்புகளும் நடந்தன. நான் படித்த தோட்டப் பள்ளியிலும் ஆறாம் வகுப்பு அக்காள் ஒருவர்தான் என் விரலைப் பிடித்து ‘ழ’கரம் எழுதப் பழக்கினார். இன்று நமக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் உள்ளனர். எழுத்தறியத் தடுமாறும் பிள்ளைகளுக்குக் குறைநீக்கல் வகுப்பும் உண்டு. மூன்றாம் ஆண்டை முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் எழுத்தையும் எண்ணையும் அறிய வேண்டும் என்ற நோக்குடன் 2010-இல் நம் அரசு லினுஸ் திட்டத்தைத் தொடங்கியதும் நினைவிருக்கும்.

ஆயினும் என் பணிக்காலத்தில் நான் கண்ட ஒரு காட்சி இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஒரு சிறுவன் பாடம் முழுவதையும் கணீரென்று ஒப்பித்தான். அருகில் சென்று பார்த்தேன். புத்தகம் தலைகீழாக இருந்தது. பிறர் படிப்பதைக் கேட்டே மனப்பாடம் செய்து, தன் அறியாமையை மூன்று ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தான். அவன் மந்தப் புத்தியுள்ளவன் அல்லன். வெட்கமே அவன் வாயைக் கட்டியிருந்தது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பப்பட்டால் அதை இழிவாக எண்ணாதீர்கள். அது இடறிய இடத்திலிருந்து மீண்டும் எழும் இடம். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், பிள்ளை படிக்கும்போது அருகில் அமர்ந்து, அவன் விரல் எழுத்தைத் தொட்டுச் செல்கிறதா என்று பாருங்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களே! லயத்தில் உங்கள் அடுத்த வீட்டுத் தம்பிக்கோ தங்கைக்கோ நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஏளனம் செய்யாதீர்கள், பிழை செய்தால் மணலைத் தடவுவது போல் அதை மறந்து, மீண்டும் தொடங்கச் செய்யுங்கள்.

எட்டு வயது ஃபிரிஸ்கனால் முடிந்தது உங்களாலும் முடியும். அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது, இக்கட்டுரையைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கூடிய பிள்ளைகள் நம் பள்ளியில் இன்னும் சிலர் கூடியிருப்பார்களாயின், அதுவே என் உழைப்புக்குக் கிடைத்த பரிசாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!