விலக்கப்பட்ட குழந்தைகளிடம் பாடம் கற்ற மரியா மொண்டிசோரி அம்மையார்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அண்டிய தெருக்களிலும் மொண்டிசோரி என்ற சொல்லைத் தாங்கிய பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. முன்பள்ளி, பாலர் பாடசாலை என்ற நல்ல தமிழ்ச் சொற்கள் இருக்க, பிள்ளையை மொண்டிசோரிக்கு அனுப்புகிறோம் என்று சொல்வதே நம்மவரின் வழக்கமாகிவிட்டது. அது ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர் என்பதையும், அவர் தொழிலால் ஒரு வைத்தியர் என்பதையும், 1944 ஆம் ஆண்டு இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர் என்பதையும் அறிந்தோர் சிலரே. அவரது முறை முதன்முதலில் எந்தக் குழந்தைகளுக்காக உருவாயிற்று என்பதை அறிந்தோர் அதனினும் சிலர். இந்த அறியாமையால் இழப்புக்குள்ளாவது குழந்தைகளே.

மரியா மொண்டிசோரி 1870 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 ஆம் திகதி இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிறு ஊரில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகத்தர், பழமையில் ஊறியவர். தாயார் நூல்களில் நாட்டமுள்ளவர். மகளின் பக்கமே நின்றவர். குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்த பின்னர், 13 வயதில் ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பாடசாலையில் மரியா சேர்ந்தார். பொறியியலாளராக வேண்டும் என்று முதலில் எண்ணியவர் பின்னர் வைத்தியத்துறைக்கு மனம் மாறினார். ஆண் மாணவர்களுடன் ஒரு பெண் சேர்ந்து நின்று பிரேதங்களை அறுத்துப் படிப்பது முறையன்று என்று கருதப்பட்ட காலம் அது. ஆகவே மற்றவர்கள் சென்ற பின்னர், மாலை வேளைகளில், தனியே அந்த அறையில் நின்று அவர் உடற்கூற்றியல் பயின்றார். 1896 ஆம் ஆண்டு ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றபோது, இத்தாலியில் அப்பட்டத்தைப் பெற்ற முதற் சில பெண்களுள் அவரும் ஒருவரானார்.

பட்டம் பெற்ற மறுவருடம் பல்கலைக்கழகத்தின் உளநோய் மருத்துவப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தார். மனநோய் விடுதிகளுக்குச் சென்று நோயாளரைப் பார்வையிடுவது அவரது கடமைகளுள் ஒன்று. வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளும் அக்காலத்தில் பெரியவர்களுடன் அவ்விடுதிகளிலேயே அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுக்குச் சோறிட்டுப் பூட்டிவைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை என்பதே அன்றைய துணிபு. ஒரு விடுதியிலே, உணவு முடிந்ததும் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துகள்களைப் பொறுக்குவதைக் காவற்காரி அருவருப்போடு அவருக்குச் சுட்டிக் காட்டினாளாம். அவ்வறையை அம்மையார் சுற்றிப் பார்த்தார். விளையாட்டுப் பொருள் ஒன்றில்லை; கையால் தொடுவதற்கு எதுவுமில்லை. அந்தத் துகள்களே அக்குழந்தைகளின் விரல்களுக்குக் கிடைத்த ஒரே பொருள் என்பது அவருக்குப் புலனாயிற்று. வயிற்றுப் பசியென்று காவற்காரி கண்டதைக் கையின் பசியென்று வைத்தியர் கண்டார்.

அதன்பின் அவர் நூலகத்தை நாடினார். காட்டிலே கண்டெடுக்கப்பட்ட ஒரு சிறுவனுக்குப் பேச்சும் பழக்கமும் கற்பிக்க முயன்ற பிரெஞ்சு வைத்தியர் இத்தார், அவருடைய மாணாக்கரான செகேன் ஆகிய இருவரின் நூல்களும் அவருக்கு வழிகாட்டின. இவ்விருவரும் எழுதியவற்றைப் பின்னாளில் அவர் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து, ஆதிமுதல் அந்தம்வரை எழுதி முடித்தார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து எடைபோட்டுப் பார்ப்பதற்கு அதுவே வழியென்று அவர் கருதினார். ஏட்டுச்சுவடியைப் படியெடுத்த நம் முன்னோர் அதன் பொருளையும் உடன்வாங்கிக் கொண்டதை இது நினைவூட்டுகிறது.

1900 ஆம் ஆண்டு இத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரியொன்று ரோமாபுரியில் திறக்கப்பட்டது. வைத்தியர் மொண்டெசானோவும் மரியா மொண்டிசோரியும் அதன் இணைப் பணிப்பாளர்கள். பயிற்சி பெறுவோர் கண்டு பழகுவதற்காக அங்கேயே ஒரு வகுப்பும் நடத்தப்பட்டது. காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை அம்மையார் தாமே குழந்தைகளோடு இருந்து கற்பித்தார். இரவில் அன்று கண்டவற்றைக் குறித்து, வகைப்படுத்தி, மறுநாளுக்கான பொருள்களை ஆயத்தம் செய்தார். அவர் பெற்ற மெய்யான ஆசிரியப் பயிற்சி இந்த இரண்டு ஆண்டுகளே எனலாம்.

அங்கே 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு எவ்வளவு முயன்றும் தைக்க வரவில்லை. ஊசியை மேலும் கீழுமாகக் கோத்து வாங்கும் அசைவே அவள் கைக்குப் பிடிபடவில்லை. அம்மையார் தையலை நிறுத்திவிட்டுக் கடதாசிக் கீலங்களைப் பாய் பின்னுவதுபோல ஒன்றன் மேலும் ஒன்றன் கீழுமாகக் கோக்கும் வேலையை அவளிடம் கொடுத்தார். பின்னல் கைவந்த பின்னர் ஊசியைக் கொடுத்தபோது அவள் தைத்தாள். குழந்தையால் ஒன்று இயலவில்லையென்றால் அதையே திரும்பத் திரும்பச் செய்விப்பதில் பயனில்லை, அதற்கு முந்திய படி எது என்று தேடிச் செல்ல வேண்டும் என்ற கொள்கை அச்சிறுமியிடமிருந்து அவருக்குக் கிடைத்தது. இன்று வாசிப்பு இடர்ப்பாடுள்ள பிள்ளைக்குக் கற்பிக்கும் விசேட கல்வி ஆசிரியர்கள் கையாளும் வழியும் ஏறக்குறைய இதுவே.

அக்குழந்தைகளில் சிலர் எழுதவும் வாசிக்கவும் கற்று, ஏனைய பிள்ளைகளுடன் பொதுப் பரீட்சைக்குத் தோற்றித் தேறினர். ஊர் வியந்தது. அம்மையாரின் சிந்தனை வேறு திசையிற் சென்றது. பின்தங்கியோர் எனத் தள்ளப்பட்ட இப்பிள்ளைகளால் ஏனையோருக்கு ஈடாக நிற்க முடிகிறதென்றால், நல்ல ஆரோக்கியத்தோடு பாடசாலை செல்லும் பிள்ளைகளை இவ்வளவு தாழ்ந்த நிலையில் நிறுத்தி வைத்திருப்பது எது என்று அவர் கேட்டார். இக்கேள்விக்கு விடைகாண்பதிலேயே அவரது எஞ்சிய வாழ்வு கழிந்தது.

இவ்விடத்தில் அவரது சொந்த வாழ்வின் ஒரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மொண்டெசானோவுக்கும் அவருக்கும் 1898 இல் மரியோ என்னும் மகன் பிறந்தான். திருமணம் நடைபெறவில்லை. குழந்தை நாட்டுப்புறத்திலே வேறொரு குடும்பத்தில் இரகசியமாக வளர்க்கப்பட்டது. மொண்டெசானோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டதும், 1901 இல் அம்மையார் அக்கல்லூரியை விட்டு விலகினார். உலகக் குழந்தைகளுக்காக உழைத்தவர் தம் குழந்தை வளர்ந்த ஆண்டுகளை உடனிருந்து பார்க்கவில்லை. மகன் பதின்ம வயதை அடைந்த பின்னரே தாயுடன் வந்து சேர்ந்தான்.

1907 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் திகதி, ரோமாபுரியில் வறியோர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போன பின்னர் மாடிப்படிகளையும் சுவர்களையும் நாசம் செய்து திரிந்த சுமார் 50 பிள்ளைகளை அடக்கி வைப்பதே கட்டட உரிமையாளரின் நோக்கமாயிருந்தது. பொறுப்பேற்ற அம்மையார், முறையான ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண்ணை அங்கே அமர்த்தினார். பழைய பாடசாலைப் பழக்கங்கள் அவரிடம் இல்லை என்பதையே ஒரு தகுதியாகக் கருதினார் போலும். விலக்கப்பட்ட குழந்தைகளுக்கென ஆக்கிய உபகரணங்கள் இப்போது இப்பிள்ளைகளின் கைக்கு வந்தன. ஒரு சின்னஞ்சிறு பெண் குழந்தை மர உருளைகளைத் துளைகளில் பொருத்தி எடுப்பதை 40 தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்ததாகவும், சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாட வைத்தபோதும் அவள் தலை நிமிரவில்லை என்றும் அம்மையார் எழுதியிருக்கிறார்.

எழுத்தறிவித்த முறையும் அறியத்தக்கது. உப்புக் கடதாசியில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவும். தடவும்போதே அவ்வெழுத்தின் ஒலியைச் சொல்லும். முன்பு மரத்தில் செய்வித்த எழுத்துகளுக்கு இங்கே பணமில்லாததால் உப்புக் கடதாசி வந்தது. அதுவே மேலானதாகவும் அமைந்தது. ஏடு தொடக்கும் நாளில் பச்சையரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்த சமூகத்துக்கும், பலகையில் அலிஃப் எழுதிப் பழக்கிய சமூகத்துக்கும் இது அந்நியமான வழியன்று. ஆயின் நாம் அதனை ஒரு நாட் சடங்கோடு முடித்துக்கொண்டோம். அவரோ மாதக் கணக்கில் செய்வித்தார். அவ்வாண்டு மார்கழியில் ஒரு நாள், வெயில் காய்ந்த மேல்மாடியில் புகைபோக்கியை வரையும்படி ஒரு சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்தார். வரைந்து முடித்த சிறுவன், ஒருவரும் சொல்லாமலே தரையில் சொற்களை எழுதத் தொடங்கினான். அவனைக் கண்டு மற்றப் பிள்ளைகளும் சுண்ணக்கட்டி கேட்டு ஓடி வந்தனர்.

1909 இல் அவரது நூலும் வெளிவந்தது, முதலாவது ஆசிரியப் பயிற்சிநெறியும் நடைபெற்றது. பிறகு புகழ் பெருகியது. உலகெங்கும் பாடசாலைகள் எழுந்தன. அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆறு வயதுக்கு முன்னர் மாயக் கதைகள் வேண்டாம் என்று அவர் கருதினார். பாட்டி சொன்ன கதைகளில் வளர்ந்த நமக்கு அது உடன்பாடாகாது. 1924 முதல் முசோலினியின் ஆதரவையும் அவர் ஏற்றார். தம் பாடசாலைகள் பெருகினாற் போதுமென்று நம்பினார். சர்வாதிகாரியின் ஆதரவுக்கு விலையுண்டு என்பதை அவர் அறியச் சிலகாலம் சென்றது. 1934 இல் உறவு முறிந்து இத்தாலியை விட்டு நீங்கினார். ஜேர்மனியிலும் நாஸிகள் அவரது பாடசாலைகளை மூடினர். ஸ்பெயினில் குடியிருந்தவரை 1936 இன் உள்நாட்டுப் போர் ஒல்லாந்துக்கு விரட்டியது.

அடையாறு பிரமஞான சங்கத்தின் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலும் அவரது மனைவி ருக்மிணி தேவியும் அழைக்க, 1939 இல் சென்னைக்கு வந்தபோது அம்மையாருக்கு வயது 69. ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 பேர் பயிற்சிக்கு அமர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், தாயும் மகனும் எதிரி நாட்டவராயினர். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்றை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், அவரது 70 ஆவது பிறந்தநாள் பரிசாக, வைசிராய் மரியோவை விடுவித்தார். வளர்ப்பு மகன் என்றும் உறவினர் என்றும் பிறருக்கு அதுவரை அறிமுகம் செய்யப்பட்டவர், அவ்வுத்தரவிலே மகன் என்றே குறிப்பிடப்பட்டார். பின்னர் கோடைக்கானலில் இரண்டாண்டுகள் தங்கிப் பணியைத் தொடர்ந்தனர்.

1944 இல் இலங்கையில் அம்மையார் பயிற்சிநெறி நடத்திய காலம், நம் கல்வி வரலாற்றிலும் ஒரு திருப்புமுனை. கன்னங்கராவின் விசேட குழு அறிக்கை முந்திய ஆண்டே வெளிவந்திருந்தது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆனால் பாடசாலை வயதுக்கு முந்திய குழந்தைப் பருவம், மனித மனம் மிக வேகமாகக் கற்பதாக அம்மையார் வற்புறுத்திய அதே பருவம், அதற்குள் அடங்கவில்லை. அது பெரும்பாலும் தனியாரிடமும் சமய நிறுவனங்களிடமுமே விடப்பட்டது. நல்லவையும் அல்லவையும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் வளர்ந்தமைக்கு இது முக்கிய காரணம். அப்பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாம், தடுப்பாரில்லை.

கொழும்பில் உயர்தரம் முடித்த தமிழ், முஸ்லிம் யுவதிகள் பலருக்கு வீட்டுக்கு அண்மையில் கௌரவமாகக் கிடைக்கும் தொழில் இது. சில மாதங்களில் சான்றிதழ் தரும் வகுப்புகளும் உண்டு. உபகரணங்களைக் கையாளவும் குறிப்பேடுகளை அழகாக எழுதவும் அவற்றிலே கற்பிக்கப்படுகிறது. அம்மையாரோ, பேசாமல் ஓரமாக அமர்ந்து குழந்தைகளை நெடுநேரம் உற்றுநோக்கப் பழகாதவரை ஒருவர் ஆசிரியராக மாட்டார் என்று கொண்டவர். நான்கு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை, ஓரிடத்தில் இருக்க மாட்டாத பிள்ளை, ஓட்டிசம் உள்ள பிள்ளை ஆகியோரைக் கூட்டிவரும் தாயிடம், வேறிடம் பாருங்கள் என்று கைவிரிக்கும் முன்பள்ளிகள் இருக்கின்றன. தரம் ஒன்றுக்கு முன்னரே கொப்பி நிறைய எழுத வேண்டுமென்ற பெற்றோரின் அவசரமும் அதற்குத் துணைபோகிறது. எந்தக் குழந்தைகளிடம் அம்மையார் தம் முறையைக் கற்றாரோ அந்தக் குழந்தைகளுக்கே அவர் பெயர் தாங்கிய கதவு அடைக்கப்படுகிறது. இது அக்குழந்தைகளின் தவறன்று. ஆயத்தமில்லாமல் வகுப்புக்கு அனுப்பப்பட்ட அந்த இளம் ஆசிரியையின் தவறென்றும் சொல்ல முடியாது. மூன்றே மாதத்தில் ஆசிரியர்களை ஆக்கலாம் என்று எண்ணும் நிறுவனங்களிடமும், அவர்களுக்குத் தரம் விதிக்க வேண்டிய அதிகாரிகளிடமும் இக்கேள்வியைக் கேட்க வேண்டும்.

போர் முடிந்து 1946 இல் ஐரோப்பா திரும்பிய அம்மையார், மறுவருடமே மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். குழந்தை மனத்தைப் பற்றிய அவரது புகழ்பெற்ற விரிவுரைத் தொகுதி 1949 இல் அடையாற்றிலிருந்து வெளியாயிற்று. சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு மும்முறை பிரேரிக்கப்பட்டார், பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6 ஆம் திகதி, ஒல்லாந்தின் நூர்ட்விக் என்னும் கடலோர ஊரில், 81 வயதில் காலமானார். ஆபிரிக்காவிலே ஆசிரியர்களைப் பயிற்றுவதற்குத் தாமே போவதா, வேறெவரையேனும் அனுப்புவதா என்று மகனோடு அன்று பேசிக்கொண்டிருந்தார் என்றும், பேச்சு முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் உயிர் பிரிந்தது என்றும் சொல்லப்படுகிறது. மறைந்த இடத்திலேயே, கடலுக்கு அண்மையில், அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார்.