பென்சில் முனையில் ஒரு விஞ்ஞானி



பிப்ரவரி 28 வந்தால் தேசிய அறிவியல் தினம். நோட்டீஸ் போர்டில் சர் சி.வி.ராமன் படம் ஒட்டுகிறோம், கைதட்டுகிறோம். 1928-ல் கல்கத்தா சோதனைச்சாலையில் அவரோடு தோளோடு தோள் நின்ற இன்னொரு தமிழரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், சுருக்கமாக கே.எஸ்.கிருஷ்ணன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வத்திராயிருப்பு என்ற ஊரில் 1898 டிசம்பர் 4-ல் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறும் நமக்குத் தாம்பரத்தில் தெரிகிற அதே கல்லூரிதான். ஆனால் அது தாம்பரத்துக்கு வந்தது 1937-ல். கிருஷ்ணன் காலத்தில் ஜார்ஜ் டவுனில் இருந்தது. படித்து முடித்து அங்கேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனார். மதிய இடைவேளையில் மாணவர்கள் எந்த சந்தேகத்தையும் கேட்கலாம் என்று உட்கார்ந்துவிடுவாராம். வேறு கல்லூரிப் பசங்ககூட வந்து கேட்டார்களாம்.

1920-ல் கல்கத்தா போனார். 1923-ல் ராமனிடம் சேர்ந்தார். 1928 தொடக்கத்தில் சூரிய ஒளியை வடிகட்டி சுமார் 60 திரவங்களில் செலுத்திப் பார்த்தார்கள். உள்ளே போன நிறம் ஒன்று. சிதறி வந்த ஒளியில் மிகச் சிறு பங்கு மட்டும் வேறு நிறம். அதுதான் ராமன் விளைவு. முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது.

எங்க வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அவர் கட்டிய வீடுகளின் வாசலில் வேறு யார் பெயரோதான் இருக்கும். அதனாலேயோ என்னவோ, கிருஷ்ணனின் கதை என்னை விடவே இல்லை. பரிசு போச்சே என்று அவர் உட்கார்ந்துவிட்டாரா? இல்லவே இல்லை!

1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகம் போய்ப் படிகங்களின் காந்தத் தன்மையை அளந்தார். 1933-ல் கல்கத்தா திரும்பினார். அடுத்து அவர் எடுத்த பொருள்களில் ஒன்று கிராஃபைட். நம்ம பென்சில் முனைதாங்க! அப்பளக் கட்டு மாதிரி தாள் தாளாக அடுக்கிய கார்பன் அது. தாளின் வாக்கில் மின்சாரம் சுலபமாக ஓடும். தாளுக்குத் தாள் தாண்டுவது ஆயிரக்கணக்கான மடங்கு கஷ்டம் என்று 1939-ல் காட்டினார். 1942-ல் அலகாபாத் பேராசிரியர். 1947-ல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அங்கே எஸ்.சி.ஜெயினோடு சேர்ந்து வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடேறும் மெல்லிய கம்பியை ஆராய்ந்தார். கம்பியின் நடுப்பகுதி அதிகம் சூடாகும், முனைகள் வழியாகச் சூடு கடந்து போகும். எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று தெரிந்தால் கம்பி வெப்பத்தைக் கடத்தும் திறனைக் கணக்கிடலாம். 1954-ல் பத்ம பூஷண், 1958-ல் முதல் பட்நாகர் பரிசு. 1961 ஜூன் 14-ல் மறைந்தார்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2004-ல் கிராஃபைட்டிலிருந்து ஒரே ஒரு அணுத் தாளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் கிராஃபீன். ஒர்க்‌ஷாப்பில் நாம் பார்க்கும் கருப்பு கிரீஸில் கலக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடும் இதே போல் அடுக்கானது. ஆனால் இது குறைகடத்தி, டிரான்சிஸ்டர் செய்யலாம். ஒரு தாளின் தடிமன் சுமார் 0.65 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு 15 லட்சம் தாள் அடுக்கலாம்!

இவ்வளவு மெல்லிய தாள் சூட்டை எப்படிக் கடத்துகிறது என்று எப்படி அளப்பது? லேபில் லீ டிஸ்க் சோதனையில் தெர்மாமீட்டர் சொருகுவோம். இங்கே தெர்மாமீட்டர் பட்டால் தாளின் சூட்டை அதுவே குடித்துவிடும். எனவே ஒரு குழியின் மேல் தாளை விரித்து நடுவில் லேசர் அடிக்கிறார்கள். லேசர் தாளைச் சூடாக்குகிறது. சிதறி வரும் ராமன் ஒளியின் நிறம் சூட்டுக்கு ஏற்ப நூலிழை நகர்கிறது. அந்த நகர்வே தெர்மாமீட்டர்! தாள் குடித்த சக்தி எவ்வளவு, ஏறிய சூடு எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்தால், சூடு நடுவிலிருந்து ஓரத்துக்கு எப்படி ஓடுகிறது என்பது கணக்கில் வந்துவிடும். 2008-ல் கிராஃபீனுக்கு இம்முறையில் வந்த விடை 5000 வாட்/மீட்டர் கெல்வினை ஒட்டியது. தாமிரத்துக்குச் சுமார் 400தான். ஒற்றைத் தாள் மாலிப்டினம் டைசல்ஃபைடுக்கு 2014-ல் வந்தது சுமார் 34 மட்டுமே. அதாவது அதில் டிரான்சிஸ்டர் செய்தால் சூட்டை வெளியேற்ற வேறு வழி பார்க்க வேண்டும். அளக்காமல் செய்திருந்தால் சிப் கருகிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

யோசித்துப் பாருங்கள். ஒளி, கிராஃபைட் அடுக்கு, சூடேறிய கம்பி என்று கிருஷ்ணன் கைவைத்த மூன்றும் இன்று ஒரே சோதனையில் ஒன்றுகூடியிருக்கின்றன. பெயர் எங்கே இருந்தால் என்ன, சரியாக அளந்தவனின் வேலை நிற்கிறது.

நண்பர்களே, நாளைக்கு லேபில் வெர்னியர் எடுக்கும்போது பக்கத்து நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதாமல், நாமே ஒருமுறை அளந்து பார்ப்போமா?