சிலோனில் பறிபோன ஓட்டு: 40 வருஷம் மல்லுக்கட்டிய மு.புதூர் தொண்டமான்

மதுரை மாட்டுத்தாவணியில் காரைக்குடி பஸ் ஏறினால் மேலூர் தாண்டி திருப்பத்தூர் வரும். அந்தப் பக்கத்து கிராமம் மு.புதூர். அப்போது ராமநாதபுரம் மாவட்டம், இப்போது சிவகங்கை மாவட்டம்.

இந்த ஊரில் 1913 ஆகஸ்டு 30-ந்தேதி பிறந்தவர்தான் சவுமியமூர்த்தி தொண்டமான். இலங்கையில் 21 வருஷம் மந்திரியாக இருந்தவர். மந்திரி ஆனதுகூட பெரிசில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தமிழர்களிடம் இருந்து பிடுங்கப்பட்ட ஓட்டு திரும்பக் கிடைக்க 40 வருஷம் போராடினார் பாருங்க, அதுதான் பெரிய கதை.

கங்காணி மகன்

கண்மாய் வறண்டால் கஞ்சிக்கு வழி கிடையாது. இதுதான் அந்தக் காலத்தில் மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை பக்கத்து நிலைமை. 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷ பஞ்சத்தை நம்ம ஊர் பெரியவர்கள் ரொம்ப காலம் மறக்கவில்லை. பஞ்சம் வந்தாலும் வராவிட்டாலும் கங்காணி வருவார். முன்பணம் கொடுத்து ஆள் கட்டி கப்பல் ஏற்றுவார். அங்கே போய் லயன் வீட்டில் ஒண்டி, அந்தக் கடனை அடைக்கவே ஆயுசு போய்விடும்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் தொண்டமானின் தகப்பனார் கருப்பையா. இவருக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது. பெரிய கங்காணி ஆனார். பிறகு ரம்பொடையில் வேவண்டன் என்ற தேயிலைத் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். 1924-ல் 11 வயசு மகனையும் ஊரில் இருந்து அழைத்துக்கொண்டார். பையன் கம்பளையில் படித்தான். 1927-ல் காந்தி இலங்கை வந்தபோது அவன் பள்ளிக்கூட மாணவன்.

தோட்ட முதலாளி மகன் எப்படி தொழிலாளி தலைவர் ஆகலாம்? இந்தக் கேள்வியை எதிரிகள் கடைசி வரைக்கும் விடவில்லை. நியாயமான கேள்விதான். தொண்டமான் தோட்டத்தையும் விடவில்லை, சங்கத்தையும் விடவில்லை.

பறிபோன ஓட்டு

1939-ல் நேரு இலங்கை போனார். அப்போது இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானது. இதன் கம்பளை கிளையில் தொடங்கி மளமளவென்று மேலே வந்தார் தொண்டமான். 1947 தேர்தலில் நுவரெலியாவில் நின்று எம்.பி. ஆனார். மலையகத்தில் இன்னும் சில தொகுதிகளையும் இந்தியர் காங்கிரஸ் பிடித்தது. மற்ற இடங்களில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது.

அங்கேதான் வினை வந்தது. கூலிக்காரன் ஓட்டு ஆட்சியையே ஆட்டிவிடும் என்று பிரதமர் சேனநாயகா கட்சி கணக்குப் போட்டது.

1948 பிப்ரவரியில் சுதந்திரம். அதே வருஷம் குடியுரிமை சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, அப்பா அங்கே பிறந்ததற்கு ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு பிறப்புச் சான்று இருப்பதே அபூர்வம். பூட்டன் பிறந்த சீட்டுக்கு எங்கே போவார்கள்?

1949-ல் குடியுரிமை இல்லாதவருக்கு ஓட்டும் இல்லை என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். ரோடு போட்டவனும் மலையைத் திருத்தினவனும் ஒரே வருஷத்தில் எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லாதவன் ஆனான். இந்த விவகாரத்தில் வடக்குத் தமிழர் தலைவர்களும் இரண்டுபட்டார்கள். செல்வநாயகம் தனியே வந்து தமிழரசுக் கட்சி கண்டார்.

மனுப் போட்டு குடியுரிமை வாங்கலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். இந்தியர் காங்கிரஸ் அதை முதலில் புறக்கணித்தது. கெடு முடியப்போகும் நேரத்தில் மனுப் போடச் சொன்னது. இந்தத் தாமதம் ஜனங்களுக்கு நஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். 8 லட்சம் பேர் வரை கேட்டார்கள். கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான்.

1952 தேர்தலுக்கு முன்பு தொண்டமான் சத்தியாகிரகத்தில் இறங்கினார். சுமார் 140 நாள் நடந்தது. அரசு அசையவில்லை. 1947-ல் ஓட்டுப் போட்ட தோட்டத் தொழிலாளி, 1952-ல் வேடிக்கை பார்த்தான்.

பங்கு பிரித்த கதை

1964 அக்டோபர் 30-ந்தேதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். அதில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை பிறகு பார்த்துக்கலாம் என்று வைத்தார்கள். 1974-ல் அதையும் ஆளுக்கு 75 ஆயிரம் என்று பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் ஆடு மாடு பிரிக்கிற மாதிரிதான். சம்பந்தப்பட்ட ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொண்டமான் எதிர்த்தார், எடுபடவில்லை.

தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம். இப்படி 3 லட்சத்துக்கும் மேல் வந்து இறங்கினார்கள். பாதிப்பேர் அதற்கு முன்பு இந்த மண்ணைப் பார்த்ததே இல்லை. நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் மறுபடி கூலி வேலைக்கே போனார்கள். சிலோன்காரன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே இருந்தவரை இந்தியாக்காரன் என்றார்கள்!

1972-ல் செல்வநாயகம், ஜி.ஜி.பொன்னம்பலத்தோடு தொண்டமானும் ஒரே அணியில் சேர்ந்தார். ஆனால் 1976-ல் தனிநாடு தீர்மானம் வந்ததும் ஒதுங்கிக்கொண்டார். மலையகத் தமிழர் சிங்கள ஊர்களுக்கு நடுவே வாழ்கிறவர்கள், அவர்கள் எந்த நாட்டுக்குப் போவார்கள் என்பது அவர் கணக்கு.

1977-ல் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியில் மூன்றாவது உறுப்பினராக ஜெயித்தார். 30 வருஷம் கழித்து மக்கள் ஓட்டில் மறுபடி எம்.பி.! 1978-ல் ஜெயவர்த்தனே மந்திரிசபையில் சேர்ந்தார். துரோகி என்று வசைபாடியவர்கள் உண்டு. 1983 கலவரத்தில் தோட்டத் தமிழர்களும் அடிபட்டபோது பதவியைத் தூக்கி எறியவில்லையே என்று கேட்டவர்களும் உண்டு.

மந்திரியாக இருந்துகொண்டே அரசுக்கு எதிராக வேலை நிறுத்தம் நடத்தினது அவர் பாணி. 1984-ல் தோட்டங்களில் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான கூலி கிடைத்தது. 1986 பொங்கல் அன்று பிரார்த்தனை போராட்டம் தொடங்கினார். காலையில் சாமி கும்பிடுவார்கள், மதியம் வரை கொழுந்து பறிக்கப் போகமாட்டார்கள். சாமி கும்பிடுவதை எந்தத் துரை தடுக்க முடியும்? அரசு இறங்கி வந்தது. நாடற்ற 94 ஆயிரம் பேருக்கு குடியுரிமை தர ஒத்துக்கொண்டது. 1988-ல் இன்னொரு சட்டமும் வந்தது. மலையகத்தில் ஓட்டு திரும்பியது.

1999 அக்டோபர் 30-ந்தேதி தொண்டமான் காலமானார். மந்திரியாகவே போனார். ஒப்பந்தம் கையெழுத்தான அதே தேதி, சரியாக 35 வருஷம் கழித்து. அவர் பேரன் ஆறுமுகம் தொண்டமான் கட்சியை நடத்தி மந்திரியும் ஆனார், 2020-ல் காலமானார். மிச்சம் இருந்த நாடற்றவர்களுக்கு 2003-ல் இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமை கொடுத்தது.

ஆனால் கலவரத்துக்குப் பயந்து 1983-க்குப் பிறகு படகேறி வந்த மலையகத் தமிழர்களும் இங்கே முகாம்களில் இருந்தார்கள். திருச்சி பக்கத்து முகாம்களில் இருந்த 65 பேர் இந்தியக் குடியுரிமை கேட்டு ஐகோர்ட்டு மதுரை கிளைக்கு வந்தார்கள். தாத்தா காலத்தில் இந்த மண்ணில் இருந்து போன குடும்பங்கள் என்பது அவர்கள் வாதம். 2019 ஜூனில் மதுரை கிளை அவர்கள் மனுவை மத்திய அரசு பரிசீலித்து முடிவு சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது.