மறைப்பின் பின்னிருந்து பாறைகளை வாசித்தவர்

எமது தீவின் பத்தில் ஒன்பது பங்கு உருமாறிய பாறை என்று புவியியல் பாடத்தில் படித்த நாளிலிருந்து, மலைநாட்டுப் பாதையோரம் வெட்டப்பட்ட பாறைச் சுவர்களைக் கண்டால் பஸ் யன்னலை விட்டு முகத்தை எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. அவற்றில் மாதுளை முத்துப்போலச் சிவந்து கிடப்பது கார்னட். அது எப்படி அங்கே உண்டானது என்று தேடிப் போனபோதுதான் புளோரன்ஸ் பஸ்கம் அம்மையாரை அறிந்துகொண்டேன்.

அவர் 1862இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். தந்தையார் ஜோன் பஸ்கம், விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். ஆண்களோடு பெண்களும் சமமாகக் கற்கவேண்டும் என்பதில் உறுதியானவர். தாயார் எம்மா பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர். அந்த வீட்டு மகள் 1882க்கும் 1887க்கும் இடையில் அதே பல்கலைக்கழகத்தில் நான்கு பட்டங்களைப் பெற்றதில் வியப்பில்லை.

பிறகு கலாநிதிப் பட்டத்துக்காக ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை நாடினார். பெண்களுக்கு அப்பட்டத்தை அங்கு அதுவரை வழங்கியதில்லை. விசேட அனுமதி கிடைத்தது. ஆனால் ஆண் மாணவர்களின் கவனம் சிதறக்கூடாதென்று, வகுப்பின் மூலையில் ஒரு மறைப்பை வைத்து அதன் பின்னால் அவரை இருத்தினார்கள். இதை வாப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதற் கேள்வி, அங்கிருந்து கரும்பலகை தெரிந்ததா என்பதுதான்.

அங்கிருந்தபடியே அவர் செய்த ஆய்வு சாதாரணமானதல்ல. பென்சில்வேனியாவின் சவுத் மவுண்டன் பாறைகளை அடையற் பாறைகள் என்றே அதுவரை எண்ணியிருந்தார்கள். பஸ்கம் அவற்றை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடுகளாக்கி நுணுக்குக்காட்டியில் பார்த்து, அவை பண்டைய எரிமலைக் குழம்பு இறுகி, பின்னர் உருமாறியவை என்று காட்டினார். 1893இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸின் முதற் பெண் கலாநிதியானார்.

அதே 1893இல் கடலுக்கு அப்பால் ஸ்கொட்லாந்தில் ஜோர்ஜ் பரோ என்பவர் இன்னொரு புதிரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பழைய களிமண் படிவுகள் பூமியின் ஆழத்தில் வெந்து நெரிபடும்போது, வெப்பமும் அமுக்கமும் கூடக் கூட அவற்றில் புதுப்புதுக் கனியங்கள் முறையாகத் தோன்றுகின்றன: குளோரைட், பயோடைட், கார்னட், ஸ்டோரலைட், கயனைட், சிலிமனைட் என்று. இவற்றை வைத்து நிலப்படத்தில் வலயங்களை வரையலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி இரண்டும்தான். கயனைட்டுக்கும் சிலிமனைட்டுக்கும் இரசாயனச் சேர்க்கை ஒன்றே. அமுக்கம் மிகுந்தால் கயனைட், வெப்பம் மிகுந்தால் சிலிமனைட். கல்லே தன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது!

1895இல் பஸ்கம், பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள பிரின் மோர் மகளிர் கல்லூரிக்குப் போனார். புவிச்சரிதவியலுக்கு அங்கே துறையே இல்லை. கிடைத்தது சாமான் வைக்கும் இடம். அதற்குள் கற்களையும் சுவடுகளையும் சேர்த்துச் சேர்த்து ஒரு துறையை எழுப்பினார். பின்னர் கல்லூரித் தலைமை அப்பாடத்தைச் சுருக்க முனைந்தபோது பதவி விலகுவதாகச் சொல்லி அதைக் காப்பாற்றினார். 1896இல் ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் வேலைக்கு அமர்த்திய முதற் பெண்ணும் அவரே. கோடை விடுமுறைகளில் வெளிக்கள ஆய்வு. மற்ற மாதங்களில் கற்பித்தல். பிலடெல்பியா சுற்றுவட்டாரத்தின் நிலப்படத் தொகுதி 1909இல் வெளிவந்தது.

அவரிடம் படித்த எலனோரா பிளிஸ், அன்னா ஜோனஸ் இருவரும் பெயர்பெற்ற ஆய்வாளர்களாகி, விசாஹிக்கன் என்னும் உருமாறிய பாறைத் தொகுதி குறித்து ஆசிரியையோடே முரண்பட்டார்கள். அவருக்கு அது வலித்திருக்கும். ஆனாலும் ஆசிரியையை மறுத்துப் பேசுமளவுக்குப் பாறையை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தானே.

1928இல் ஓய்வுபெற்ற பஸ்கம் 1945இல் காலமானார். அந்த விசாஹிக்கன் பாறைகளிலும் கார்னட்டிலிருந்து சிலிமனைட் வரை வலயங்கள் இருப்பது பின்னர் தெளிவாயிற்று. 1952இல் அவற்றின் உருமாற்ற நிலைகள் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர் டொரதி விக்கொவ். பஸ்கம் தொடங்கிய அதே துறையில் படித்து, அங்கேயே கற்பித்த ஒரு பெண்.