எர்னி டேவிஸ்: ஒரு ஆட்டம்கூட ஆடாத வீரருக்காக நட்சத்திரத்தைக் கொடுத்த கிளீவ்லாண்ட்... தப்புக் கணக்கா?

ஐபிஎல் டிரேடு செய்தி வந்தாலே நம்ம வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே சண்டைதான். யாரைக் கொடுத்தார்கள், யாரை வாங்கினார்கள், யார் ஏமாந்தார்கள்? அமெரிக்கக் கால்பந்தில் இதே சண்டை பல தலைமுறையாக நடக்கிறது. அதில் அதிகம் பேசப்படும் டிரேடுகளில் ஒன்று 1961 டிசம்பரில் நடந்தது. அதன் நடுவில் இருந்தவர் 22 வயது எர்னி டேவிஸ்.

அவரை வாங்க கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணி இரண்டு பேரைக் கொடுத்தது. கடைசியில் டேவிஸ் அந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அப்படியென்றால் அது மோசமான டிரேடா? பதில் அவ்வளவு ஈஸி இல்லை.

முதலில், ரன்னிங் பேக் என்றால் யார்?

இது நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர்தான் ரன்னிங் பேக். ஒவ்வொரு ஓட்டத்திலும் எத்தனை கஜம் முன்னேறினார் என்பதுதான் அவருடைய மார்க். அடி அதிகம் வாங்கும் இடம் இது. அதனால் இவர்களின் ஆட்ட வாழ்க்கை பெரும்பாலும் சின்னது.

அதனால்தான் ரன்னிங் பேக்குக்கு விலை சொல்வது கஷ்டம். நேற்று ஓடியதற்குக் காசு கொடுப்பதா, நாளை ஓடப்போவதற்குக் கொடுப்பதா? 1959-ல் ஆலி மேட்சன் என்ற ஒரே ரன்னிங் பேக்குக்காக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி, டிராஃப்ட் வாய்ப்பையும் சேர்த்து ஒன்பது பேருக்குச் சமமான விலை கொடுத்தது. அப்படியும் அந்த அணி எழுந்து நிற்கவில்லை.

யார் இந்த எர்னி டேவிஸ்?

1939 டிசம்பர் 14-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே அப்பா விபத்தில் இறந்துவிட்டார். தாத்தா, பாட்டியிடம் வளர்ந்தார். சின்ன வயதில் பேச்சு திக்கும். 12 வயதில் அம்மாவோடு நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகருக்கு வந்தார். பள்ளியில் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் மூன்றிலும் கலக்கினார். பின்னாளில் 'எல்மைரா எக்ஸ்பிரஸ்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு சைரக்யூஸ் பல்கலைக்கழகம். அங்கே அவருக்கு முன் ஆடிப் பெரும்புகழ் பெற்றவர் ஜிம் பிரவுன். அவர் அணிந்த 44-ம் எண் ஜெர்சியே டேவிஸுக்கும் கிடைத்தது. 1959 சீசனில் சைரக்யூஸ் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் தேசிய சாம்பியன் ஆனது. 1960 ஜனவரி 1 அன்று டாலஸ் நகரில் நடந்த காட்டன் பவுல் ஆட்டத்தில் டெக்சாஸை 23-14 என்று வீழ்த்தினார்கள். தொடையில் தசைப்பிடிப்போடு இறங்கிய டேவிஸ், தொடக்கத்திலேயே வீசப்பட்ட பந்தைப் பிடித்து 87 கஜ டச்டவுன் அடித்தார். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே.

அதே நாளின் இன்னொரு பக்கம் கசப்பானது. விருது விழாவில் கறுப்பின வீரர்கள் பரிசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், விருந்துக்கு இருக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. ஆட்ட நாயகனுக்கும் அதே விதிதான்.

மூன்று சீசன்களில் 2,386 கஜம் ஓடினார்; ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 6.6 கஜம். 1961-ல் கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹெய்ஸ்மன் கோப்பையை வென்றார். அதை வென்ற முதல் கறுப்பின வீரர் அவர்தான். விருது வாங்க நியூயார்க் வந்தவரை அதிபர் கென்னடியே சந்தித்துக் கைகுலுக்கினார்.

வாஷிங்டன் ஏன் அவரைத் தேர்வு செய்தது?

டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்குப் பொதுவாக முதல் வாய்ப்பு. 1961-ல் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்த வாஷிங்டனுக்கு அந்த வாய்ப்பு இருந்தது.

ஆனால் அந்த அணியில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. மற்ற எல்லா அணிகளும் மாறிய பிறகும் உரிமையாளர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் பிடிவாதமாக இருந்தார். அணியின் புதிய மைதானம் மத்திய அரசு நிலத்தில் கட்டப்பட்டது. இதைப் பிடித்துக்கொண்டார் கென்னடி அமைச்சரவையின் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால். பாகுபாடு தொடர்ந்தால் மைதானம் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லாமல் மார்ஷல் இறங்கி வந்தார். முதல் ஆளாக டேவிஸைத் தேர்வு செய்த வாஷிங்டன், அவரை கிளீவ்லாண்டுக்குக் கைமாற்றியது. பதிலுக்கு பாபி மிட்செல், லெராய் ஜாக்சன் என்ற இரண்டு கறுப்பின வீரர்கள் வந்தார்கள்.

கிளீவ்லாண்ட் போட்ட கணக்கு என்ன?

பயிற்சியாளர் பால் பிரவுன் கண்ணை மூடிக்கொண்டு டிரேடு செய்பவர் இல்லை. அவருடைய கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம்.

வயது: மிட்செலுக்கு 26, டேவிஸுக்கு 22. சீக்கிரம் தேய்ந்துபோகும் இடத்தில் நான்கு வருடம் பெரிய வித்தியாசம்.

உடல்வாகு: அப்போதைய கிரீன் பே அணியில் பால் ஹார்னங், ஜிம் டெய்லர் என இரண்டு வலுவான ஓட்டக்காரர்கள். ஜிம் பிரவுன் ஏற்கெனவே கிளீவ்லாண்டில் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரமும் நல்ல எடையும் கொண்ட டேவிஸ் அவர் பக்கத்தில் நின்றால் இன்னும் பலமான ஜோடி. மிட்செல் வேகக்காரர், ஆனால் மெலிந்தவர்.

சம்பளம்: போட்டி லீக்கைச் சேர்ந்த பஃபலோ அணியும் டேவிஸை இழுக்கப் பார்த்தது. கடைசியில் கிளீவ்லாண்ட் மூன்று வருட ஒப்பந்தம் போட்டது. ஆடுவதற்கு மட்டுமே 80,000 டாலர். புதுமுகத்துக்கு அந்தக் காலத்தில் மிகப் பெரிய தொகை.

அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை இல்லை.

பிறகு நடந்தது

1962 கோடை. கல்லூரி நட்சத்திரங்கள் ஆடும் காட்சி ஆட்டத்துக்காக சிகாகோ பக்கம் பயிற்சியில் இருந்தபோது டேவிஸுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பரிசோதனையில் தெரிந்தது ரத்தப் புற்றுநோய்.

சிகிச்சையில் நோய் தற்காலிகமாக அடங்கியது. டேவிஸ் மறுபடி பயிற்சி செய்தார், ஆட ஆசைப்பட்டார். அணியின் உரிமையாளர் ஆர்ட் மாடெலும் அவரை இறக்க விரும்பினார். பால் பிரவுன் மறுத்துவிட்டார். ஏற்கெனவே இருந்த விரிசல் இதில் பெரிதானது. 1963 ஜனவரியில் பயிற்சியாளரின் வேலை போனது.

அந்த ஆகஸ்டில் கிளீவ்லாண்ட் மைதானத்தில் விளக்குகளை அணைத்து, ஒற்றை வெளிச்சத்தில் டேவிஸை அறிமுகம் செய்தார்கள். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த மைதானத்தில் அவருக்குக் கிடைத்தது அது மட்டும்தான். 1963 மே 18 அன்று, 23 வயதில் காலமானார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு பத்திரிகைக் கட்டுரை ஒன்றில், தன்னைத் துரதிர்ஷ்டசாலியாக நினைக்கவில்லை என்று எழுதியிருந்தார். எல்மைராவில் அஞ்சலி செலுத்த ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அவர் ஓர் ஆட்டத்தில்கூட அணியாமலே போன 45-ம் எண்ணை வேறு யாருக்கும் தருவதில்லை என்று கிளீவ்லாண்ட் முடிவு செய்தது.

யாருக்கு லாபம்?

வாஷிங்டன் பக்கம் பாருங்கள். ஜாக்சன் பெரிதாகச் சோபிக்கவில்லை. ஆனால் மிட்செலை ஓடவிடாமல், பந்தைப் பிடிக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். 1962-ல் 72 கேட்ச், 1,384 கஜம், லீக்கிலேயே முதலிடம். அடுத்த வருடம் 1,436 கஜம். 1983-ல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவமும் கிடைத்தது.

கிளீவ்லாண்ட் சறுக்கிய இடம் உண்மையில் இதுதான். டேவிஸின் நோயை யாராலும் கணித்திருக்க முடியாது. ஆனால் மிட்செலை ஜிம் பிரவுனுக்கு அடுத்த ஓட்டக்காரராக மட்டும் பார்த்து விலை போட்டார்கள். இன்னொரு இடத்தில் அவரால் என்ன செய்ய முடியும் என்று பார்க்கவில்லை. நமக்கு எவ்வளவு தேவை என்பது ஒரு விலை; வாங்குபவர் கையில் அவர் என்னவாக மாறுவார் என்பது வேறு விலை. டிரேடில் பலரும் கோட்டை விடுவது இரண்டாவதைத்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. டேவிஸ் ஆடவேண்டிய இடத்தில் பிறகு ஆடியவர் எர்னி கிரீன். டிராஃப்டில் 14-வது சுற்றில் கிரீன் பே எடுத்து, பின் கிளீவ்லாண்டுக்கு மாறி வந்தவர். அவரும் ஜிம் பிரவுனும் இருந்த அணி 1964-ல் சாம்பியன் ஆனது. ரன்னிங் பேக்குக்குப் பெரிய விலை கொடுக்க அணிகள் இன்றும் தயங்குவதற்குக் காரணம் இந்த மாதிரிக் கதைகள்தான்.

ஆக, முடிவை வைத்துப் பார்த்தால் வாஷிங்டனுக்கு லாபம். முடிவெடுத்த நாளை வைத்துப் பார்த்தால் கிளீவ்லாண்டைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. அடுத்த முறை குரூப்பில் டிரேடு சண்டை வரும்போது, இந்த இரண்டில் எதை வைத்துப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.